மடிப்புக்குள் ஒரு கிணறு

கலைமதி காலையிலிருந்து வரைபடத்தில் நிலத்தின் உயரம் காட்டும் ஒரே கோட்டைப் பிடித்து வரைந்துகொண்டிருந்தாள். கோடு ஒரு மொட்டை மலையைச் சுற்றி இறங்கி, வெள்ளையாகக் கிடந்த மடிப்பில் காணாமல் போனது. ஏதோ வெளிநாட்டுப் பாலைவனத்தின் பழைய காகித வரைபடம். அங்குள்ள மாட்டுப்பண்ணைகளின் வேலி, தண்ணீர்த் தொட்டி, கிணறு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவதுதான் விழுப்புரத்தில் அந்த மாடி ஆபீசின் வேலை.

வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து அந்த ஷீட் இரண்டு முறை திரும்பிவிட்டது. அவர்கள் தந்த பட்டியலில் உள்ள ஒரு கிணறு படத்தில் இல்லையாம். அது மடிப்புக்குள் அழிந்திருந்தது. தெளிவான பிரதி கேட்கச் சொல்லி முதல் வாரமே சூப்பர்வைசர் சீனுவாசனிடம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டு வாங்கவில்லை. மூன்றாவது முறை திரும்பினால் வரைந்தவருக்கு வேலை கிடையாது.

"குத்துமதிப்பா ஒரு புள்ளி வெச்சு அனுப்பும்மா. யாரு போயி பாக்கப்போறாங்க?"

"மாடு ஓட்டிக்கினு போறவங்க பாப்பாங்க சார்."

போன சித்திரையில் அனந்தபுரம் பக்கம் அவள் அப்பா முருகையன், ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி மாடுகளை ஓட்டிப்போனார். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சினைமாடு வழியிலேயே படுத்துவிட்டது. பிறகு எழுந்திருக்கவில்லை.

கலைமதி புள்ளி வைக்கவில்லை. மடிப்பில் எதுவும் தெரியவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி ஷீட்டோடு சேர்த்து அனுப்பினாள்.

மறுநாள் மதியம் ஷீட் திரும்பி வந்தது. கிணறு ஒன்று குறைகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. குறிப்பை யாரும் திறந்தே பார்க்கவில்லை. அங்கே எண்ணிச் சரிபார்ப்பது மெஷின்தான் என்று பக்கத்து சீட் பிரான்சிஸ் மெதுவாகச் சொன்னான்.

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார் சீனுவாசன். நான்கு வருடமாக வேலை பார்ப்பதை அவள் எடுத்துச் சொன்னாள். ரூல் என்னுடையது இல்லையே என்றார். அவள் டிபன் பாக்ஸைப் பையில் போடும்போதே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, மடிப்பின் நடுவில் நீலமாக ஒரு புள்ளி வைத்து அனுப்பினார்.

இரண்டே நிமிடம். திரை பச்சையானது. ஷீட் ஏற்கப்பட்டுவிட்டது.

"எம் பேர எடுத்துடுங்க சார்."

"அத மாத்துனா மறுபடியும் மொதல்லேர்ந்து அனுப்பணும்மா."

அவர் அடுத்த ஷீட்டைத் திறக்கப்போனார். வரைபடத்தின் கீழ் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில், மு. கலைமதி என்று இருந்தது.