கிஷாந்த், பூரட்டாதி நட்சத்திரம்

1

இது கதையாக இருக்கவேண்டிய விஷயமே இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இது ஒரு துண்டுப்பிரசுரம். "மனநல ஆலோசகரிடம் போவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை" என்று தலைப்புப் போட்டு, இரண்டே பக்கத்தில், ஆளைப் பயமுறுத்தாமல் எழுதித் தாருங்கள் என்று ரூபிகா கேட்டாள். என் மனைவி ஐறீனோடு முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவள். இப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடியில் அறை எடுத்து, வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறாள்.

("ஆலோசனை சொல்றேல்லை அண்ணா. முதல்ல அதைத் திருத்துங்கோ.")

திருத்திவிட்டேன்: வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கிறாள்.

எனக்கு இதில் என்ன தெரியும்? நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். எங்கள் ஆட்களுக்கு இது ஏசி போட்ட பாவசங்கீர்த்தனம், அவ்வளவுதான். முதல் வரைவில் அப்படி ஒரு மனிதரைத்தான் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் குற்றம் முழுவதையும் ஒப்புவித்துவிட்டு, "எத்தனை அருள்நிறைந்த மந்திரம் சொல்லோணும்?" என்று கேட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். ஐறீன் வாசித்தாள். "இது என்ட அண்ணன். கிழிச்சுப் போடுங்க" என்றாள். கிழித்துப் போட்டேன். நத்தார் பண்டிகைக்கு அந்த மச்சான் வீட்டில்தான் சாப்பாடு.

ஆகவே உதாரணத்துக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. வெள்ளவத்தை ஆளாக, சைவ சமயத்தவராக, எங்கள் சொந்தத்துக்குள் வராதவராக. ரூபிகாவிடம் வருகிறவர்களில் ஒருவரைப் பற்றியாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு சொல் சொல்லமாட்டாள். பெயர் வேண்டாம், தெருவை மட்டும் சொல் என்றேன். அதுவும் மாட்டாளாம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, துண்டுப்பிரசுரத்தில் எழுதவேண்டிய முதல் விஷயமே அதுதான் என்று விளங்கியது.

வேறு வழியில்லாமல் நேசமலரை நானே உண்டாக்கினேன்.

2

ஆரம்பம் அ: நேசமலர் கடலைப் பார்த்தபடி நின்றாள். அலைகள் அவளுடைய மனதைப் போலவே— (கடல் தெரியும் வீடு வாங்க அவளுடைய கணவருக்கு வசதி காணாது. வெட்டு.)

ஆரம்பம் ஆ: மனித மனம் என்பது— (ஐயோ, வேண்டாம்.)

ஆரம்பம் இ: நேசமலருக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை.

இது பரவாயில்லை. ரூபிகாவின் அறைக்குப் போகிற அதே படிக்கட்டில்தான் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கும் இருக்கிறது. அதனால் அந்தப் படியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் கன்னத்தில் கையை வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளவத்தையின் காலி வீதியில் இத்தனை பேருக்குப் பல்வலியா என்று பல் வைத்தியரே அதிசயப்படுகிறாராம்.

நேசமலரும் கன்னத்தைப் பிடித்தபடிதான் ஏறினாள். வயது அறுபது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். கணவர் சிவானந்தன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ரீவி செய்திக்கு மட்டும் வாய் திறந்து பதில் சொல்கிறார். ஒரே மகன் கிஷாந்த், இருபத்தொன்பது வயது, வீட்டு அறைக்குள் இருந்தே கம்பியூட்டர் வேலை. நேசமலரின் கையில் ஒரு பை இருந்தது, பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம். ஒருவரிடம் முதல்முதல் போகும்போது வெறுங்கையோடு போகலாமா?

3

ரூபிகா முதலில் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். இங்கே கதைப்பது இந்த அறையை விட்டு வெளியே போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்தென்றால் மட்டும் வேறு. ஒரு தடவைக்கு ஐம்பது நிமிடம். தான் மருந்து எழுதுவதில்லை, தேவைப்பட்டால் வைத்தியரிடம் அனுப்புவாள். ஒரே நாளில் சுகம் வராது. சிலவேளை தொடக்கத்தில் இன்னும் பாரமாக இருக்கும். தன்னோடு ஒத்துவராவிட்டால் வேறொருவரைத் தேடலாம், அதில் கோபமில்லை.

(கவனித்தீர்களா, பிரசுரத்தில் பாதியை ஒரே பந்தியில் முடித்துவிட்டேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.)

நேசமலர், ஐயர் சங்கற்பம் சொல்லும்போது நிற்பதுபோல, பவ்வியமாகத் தலையாட்டிக்கொண்டு இருந்தாள். ரூபிகா முடித்ததும் சொன்னாள்:

"கிஷாந்த். பூரட்டாதி நட்சத்திரம்."

"ஆர் அன்ரி அது?"

"என்ர மகன். அவன்ர பேரில செய்யுங்கோ."

"என்னத்தை?"

"இந்தக் கவுன்சிலிங்கைத்தான் பிள்ளை."

"அதுக்கு அவர் வரவேணுமே."

"அவன் வரமாட்டான். அதுக்குத்தானே நான் வந்தனான். கோயிலிலயும் நான்தானே போய் அர்ச்சனை செய்யிறன்? அவன் கட்டிலில கிடப்பான். பேரும் நட்சத்திரமும் சொன்னால் அங்க போய்ச் சேருது. இஞ்ச மட்டும் ஏன் சேராது?"*

* நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களும் இப்படித்தான்: ஆள் கனடாவில் இருப்பான், அவனுக்கான பூசை கொட்டாஞ்சேனையில் நடக்கும். இதற்கு உண்மையில் என்ன பதில் சொல்வாய் என்று ரூபிகாவுக்குப் போன் அடித்துக் கேட்டேன். "முதல்ல சிரிக்காமல் இருப்பன். அதோட, ஏன் என்னைக் கதைக்குள்ள இழுத்தனீங்கள்?" என்றாள்.

4

இந்த இடத்தில் எனக்கு நேசமலரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கணக்கு ரீச்சர் இப்படிக் கேட்பாளா? வாசிக்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பாவம், விசர் மனுசி" என்று பக்கத்தைப் புரட்டுவார்கள். நானும் அந்தச் சிரிப்புக்குத்தான் எழுதினேன், பொய் சொல்லக்கூடாது.

திரும்ப வாசித்தபோதுதான் கண்டுகொண்டேன். அவள் விசர் மனுசி இல்லை. கெட்டிக்காரி. தன்னைப் பற்றி ஒரு வசனமும் சொல்லாமல் ஐம்பது நிமிடத்தைக் கடத்துவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நாற்பது நிமிடம் மகனுடைய சாதகம், அவன் மெலிந்தது, சாத்தியபடியே கிடக்கும் அறைக்கதவு, சித்தப்பாவின் மகன் செய்வினை என்று சொன்னது எல்லாவற்றையும் கொட்டினாள். ரூபிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் உங்களிட்ட ஏதாவது சொன்னவரோ அன்ரி?"

நேசமலர் விம்மி விம்மி அழு— (இல்லை. அழவில்லை.) பையிலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தை மாசம் ஒருநாள் காலமை. நான் இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிக்கிறன். குசினி வாசல்ல வந்து நிண்டான். 'அம்மா, எனக்கு விடியிறதே பயமாக் கிடக்கு. ஒண்டிலயும் மனமில்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை' எண்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ரெண்டு பனடோல் குளிசையைப் போட்டுட்டுப் படு எண்டனான்."

நேசமலர் மடியிலிருந்த சீப்பைத் திருப்பி வைத்தாள்.

"அண்டையில இருந்து என்னோட கதையில்லை பிள்ளை. சாப்பிடுறியோ எண்டால் ஓம், இல்லாட்டி வேண்டாம். நாலு மாசமாகுது. நான் நல்லாத்தான் விளங்கிக்கொண்டனான், கேளுங்கோ. விளங்கினபடியால்தான் பனடோல் எண்டனான். எனக்குப் பயமாக் கிடந்தது."

இதை எழுதியதும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். சும்மா உதாரணத்துக்கு உண்டாக்கின மனுசி. என் வாழ்க்கையில் யார் யாருக்கெல்லாம் பனடோல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று யோசித்தேன். மூன்றாவது முகம் வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன்.

5

ரூபிகா சொன்னது இதுதான். (இந்தப் பகுதியை அவளே பார்த்துத் திருத்தித் தந்தாள்.)

"இண்டைக்கே போய் அவரிட்ட நேராக் கேளுங்கோ அன்ரி. சாகவேணும் போல யோசினை வருதோ எண்டு."

"சிவ சிவா! அந்தச் சொல்லை நான் என்ர வாயால சொல்லுறதோ? கேட்டு, இல்லாத எண்ணத்தை நான் உண்டாக்கிவிட்டால்?"

"கேக்கிறதால எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு ஆள் கிடைக்கும். ஓம் எண்டு சொன்னால் தனிய விடாதேங்கோ. பக்கத்தில இருந்துகொண்டு எனக்குப் போன் அடியுங்கோ, இல்லாட்டி நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நேசமலர் தலையாட்டினாள். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். கன்னத்தைப் பிடிக்க மறந்துபோனாள்.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியும் அதுவுமாக அந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுக்கலாமா? அடுத்தநாள் சனி, சனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு சிவானந்தனின் தங்கை குடும்பம் சாப்பாட்டுக்கு வந்தது. திங்கள் விரதம். செவ்வாயில் யார் எதைத் தொடங்குகிறார்கள்? வாரத்தில் ஐந்து நாளை இப்படிக் கழித்துவிட எங்கள் பெண்களால்தான் முடியும். எனக்கோ பொறுமை போய்விட்டது. ரூபிகா அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்கிறாள், இவள் பஞ்சாங்கம் பார்க்கிறாள். அதோடு, ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று எனக்கும் தெரியாது. உண்டாக்கியவன் நான்தான், ஆனாலும் பயந்தேன்.

எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரேயொரு அதிகாரத்தைப் பாவித்தேன். புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி என்று எழுதினேன். சிவானந்தனைக் கடைக்குப் பாண் வாங்க அனுப்பினேன்.

6

முடிவு ஒன்று: கிஷாந்த் ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடித்துக் கதறி அழுதான். எல்லாம் சரியாகிவிட்டது.

(ரூபிகா ஓரத்தில் எழுதியது: "இவ்வளவு லேசெண்டால் நான் கடை பூட்டலாம்.")

முடிவு இரண்டு: நேசமலர் கதவடியில் நின்றாள். தட்டாமலே திரும்பிப் போனாள்.

(இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நறுக்கென்று, இலக்கியமாக இருந்தது. ரூபிகா எழுதி அனுப்பவில்லை, போன் அடித்தாள். "அண்ணா, கதவடியில நிக்கிற தாய் ஒருத்தி இதை வாசிச்சுப்போட்டுத் தட்டாமல் போனால்?" எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.)

ஆகவே நேசமலர் தட்டினாள்.

"கிஷாந்த். அம்மா. தை மாசம் நீ சொன்னது எனக்குக் கேட்டது ராசா. நான்தான் விளங்காத மாதிரி நிண்டனான். பிழை என்னில."

உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"உனக்கு... சாகவேணும் போல யோசினை வருதோ அப்பன்?"

சொல்லிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீடு இடிந்து விழவில்லை. கதவு திறந்தது. தாடி வளர்ந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, அவளுடைய பிள்ளை நின்றான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளுடைய முகத்தை நேரே பார்த்தான்.

"ஓம் எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள் அம்மா?"

7

நேசமலருக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்கள்:

"கோயிலுக்கு நேர்த்தி வைப்பன்." (வெட்டு.)

"அப்பாவைக் கூப்பிடுவன்." (வெட்டு. அப்பாவைப் பாண் வாங்க அனுப்பியதே இதற்குத்தான்.)

"ரூபிகாவுக்குப் போன் அடிப்பன்." (அடிக்கத்தான் வேண்டும், இன்றைக்கே. ஆனால் பிள்ளை கேட்டது போன் நம்பரை அல்ல.)

"நான் உன்னோட—" (இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. ஐந்து தடவை முயன்று பார்த்தேன்.)

கடைசியில் ரூபிகாவையே கேட்டேன். "அவவுக்குப் பதிலா நான் சொல்ல ஏலாது அண்ணா" என்றாள். பிரசுரத்தையும் வேறு யாரிடமோ எழுதக் கொடுத்துவிட்டாளாம். நல்லது.

கிஷாந்த் இன்னும் கதவைச் சாத்தவில்லை. ஒரு கை கதவில் இருக்கிறது. உங்களுக்கும் பிள்ளையோ, தம்பியோ, மனைவியோ இருப்பார்கள். என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவராக இருப்பீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். அழகாக இருக்கவேண்டும் என்று பார்க்காதீர்கள், அவன் கதவைச் சாத்துவதற்குள் கெதியாகச் சொல்லுங்கள்.

நேசமலர்: "....................."