துணை மதிப்பீட்டில் பரிசீலிக்கப்படும்

1

இந்தக் கதை ஒரு மேடைப் பேச்சாகத்தான் பிறந்தது. பேசப்படாமல் போனதால் கதையாகிவிட்டது.

என் அக்கா சட்டமன்ற உறுப்பினர்; முதல் தடவை. நான் எழுத்தாளன், எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்பதில்லை. அவள் வீட்டு மாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரப்போகிறது, மூன்று நிமிடம் பேசக் கிடைக்கும், ஏதாவது எழுதிக் கொடேன் என்றாள். நான் எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் கடல் இரண்டு இடத்தில் வந்தது. எங்கள் ஊரில் கடல் கிடையாது. அக்கா முழுவதும் படித்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். அவையில் வேறு பேசினாள்.

எட்டுப் பக்கத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஆகவே இந்தக் கதை. இதைவிடக் கேவலமான காரணங்களுக்காகவும் கதைகள் எழுதப்பட்டிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: இது பட்ஜெட் பற்றிய கதை. எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

(உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றி. இரண்டு சொற்களை மட்டும் விளக்கிவிடுகிறேன். மானியக் கோரிக்கை என்றால், ஒவ்வொரு துறையும் 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று அவைமுன் வந்து நிற்பது. வெட்டுத் தீர்மானம் என்றால், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து 'அதில் ஒரு சல்லிக்காசைக் குறையுங்கள்' என்பது. குறைவது காசு அல்ல, மானம். தீர்மானம் நிறைவேறிவிட்டால் ஆட்சி மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவின் கட்சி மயிரிழையில் ஆள்கிறது. ஒன்றிரண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ந்தால் தீர்ந்தது. பாடம் முடிந்தது, பரீட்சை கிடையாது.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'அவையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியபோது, அந்தப் பெண்மணி மெல்ல—'

(அப்படி ஓர் அமைதியைத் தான் அங்கே பார்த்ததே இல்லை என்றாள் அக்கா. யாராவது இருமிக்கொண்டே இருப்பார்களாம். பின்வரிசையில் ஒருவர் குறட்டையே விடுவாராம்.)

'மக்களாட்சி என்பது ஒரு—'

(இதை நானே நிறுத்திவிட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

'அத்தானுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன.'

இதை வைத்துக்கொள்வோம். அலங்காரம் இல்லை, ஆனால் உண்மை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், டயர் கடை வைத்திருந்தவர். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டிய கை. இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் விடிகாலையில் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு பொழுது சாயும்போது, துவைத்துப் பிழிந்த சட்டை மாதிரி வேனில் வந்து இறங்குவார். எங்கள் ஊர் நோயாளிகள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த வேன் அது. அதில் ஒருவர் தையல்காரம்மா. தனி ஆள், பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவர்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் மெஷின் வைப்பதாக அக்கா தேர்தலில் வாக்குக் கொடுத்தாள். பாதி நடந்தது. தனி அறை கட்டினார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள், வாசலில் பலகைகூட மாட்டினார்கள். மெஷின் வரவில்லை. இப்போது அந்த அறையில் கால் உடைந்த கட்டில்கள் ஓய்வெடுக்கின்றன. இந்த வருட பட்ஜெட்டில் மெஷினைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரோ சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. சாக்கடை அடைத்துக்கொண்டதற்காக நடுரோட்டில் உட்கார்ந்தவள் அவள். இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கட்சிக் கூட்டத்திலும் இல்லை, அமைச்சரிடமும் இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தான், தையல்காரம்மா வருவதை நிறுத்திவிட்டார் என்று சொன்னார். போகிற நாளெல்லாம் வேலை கெடுகிறது, வேன் வாடகை வேறு. எப்போதாவது போனால் போதும் என்று அவராகவே முடிவு பண்ணிக்கொண்டாராம். தெருவில் பார்த்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தனவாம்.

அக்கா பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "நான் கேட்டா, புருஷனுக்காகக் கேக்கறாம்பாங்க."

"கேக்கலைன்னா, புருஷனைக்கூடக் கவனிக்கலைம்பாங்க," என்றார் அத்தான். "சொல்றவங்களுக்கு என்ன, வாய்தானே."

3

எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். விஷயம், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மெஷின் இல்லாதது. வேண்டுமென்றே அக்காவின் தொகுதியைப் பார்த்துப் போட்ட தூண்டில்.

செய்தி வெளியானதும் கொறடா வீட்டுக்கு வந்துவிட்டார். (கட்சி உறுப்பினர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர் கொறடா. மீறினால் பதவி போகும்.)

எனக்கு ஒரே சந்தோஷம். வில்லன் கிடைத்துவிட்டார். முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை, கல் வைத்த மோதிரம், தொண்டைக்குள் உருளும் சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். ஆனால் வந்த மனிதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கவிடுகிறார்கள் என்று விசாரித்தார். தன் அப்பாவுக்கும் இதே கஷ்டம் இருந்தது என்றார். அத்தானுக்கு முன்னால் குடிக்க மனமில்லாமல், கொடுத்த டீயை ஆறவிட்டார். கண்ணெதிரே வில்லன் கரைந்துபோனால் எழுத்தாளன் என்ன செய்வான்? மீசையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆட்சி கவிழ்ந்தால் இந்த மெஷினும் வராது, மருந்து கொள்முதலும் நின்றுவிடும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேசவே வேண்டாம், ஓட்டை மட்டும் போடுங்கள் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். கட்சிக்கு வேண்டிய கம்பெனி ஒன்று இருக்கிறதாம். அத்தானுக்கு வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நான் கதவோரமாக நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். (எழுத்தாளனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அதுதான்.) நாணயமாகச் சொல்கிறேன்: வாங்கிக்கோ அக்கா, வாங்கிக்கோ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வேன்ல வர்றவங்களையும் இங்கேயே கூட்டிட்டு வந்திடலாமா? சோபாவை நகர்த்திட்டா நாலு பேரு தாராளமாப் படுக்கலாம்."

கொறடா சிரிக்கவில்லை. ஆறிய டீயை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "பேசணும்னா பேசிடுங்கம்மா. ஓட்டை மட்டும் மாத்திடாதீங்க."

4

அன்றைக்கு நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே பேனா, தாள் எதுவும் கூடாதாம். ஆகவே இந்தப் பகுதியில் என் கைச்சரக்கு கொஞ்சம் கலந்திருக்கலாம். அக்காவின் பேச்சில் மட்டும் கலப்பு இல்லை. அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வக்கீல் நன்றாகவே பேசினார். உடைந்த கட்டில்களின் அறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆளுங்கட்சி வரிசைகளில் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். அத்தானைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, சொல்லவில்லை. (இரண்டாவது வில்லனும் கைவிட்டுப் போனார்.)

அக்கா எழுந்தாள். கையில் தாள் இல்லை.

"தலைவர் அவர்களே, என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்குது. இன்னிக்கும் அங்கேதான் இருக்கார். சொந்த வீட்டுக்காகப் பேசறேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து, இத்தனை நாளா இந்த மெஷினைப் பத்தி நான் எங்கேயும் பேசல. என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். அதுக்குள்ள எங்க ஊர்ல தையல் வேலை செய்யற ஒரு அம்மா சிகிச்சையையே விட்டுட்டாங்க. இந்தத் தீர்மானத்துல இருக்கற ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். நான் கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன்."

உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. என் எட்டுப் பக்கத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதில் தியாகம் இருந்தது, வரலாறு இருந்தது, கடல் இருந்தது. 'பயந்து' என்ற சொல் எங்கேயும் இல்லை.

அடுத்தது ஓட்டு. இந்த இடத்துக்கு நான் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது:

'அவள் நடந்தாள். அவைக்குக் குறுக்கே, எதிர்வரிசையை நோக்கி, ஒவ்வொரு அடியிலும் ஓர் அரசாங்கம்—'

நடக்கவில்லை. தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று அவைத்தலைவர் சொன்னதும், அக்கா எழுந்து நின்றாள். சற்று முன்பு ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்று அவளே சொன்ன அந்தத் தீர்மானத்துக்கு எதிராக. எண்ணினார்கள். தீர்மானம் தோற்றது. ஆட்சி பிழைத்தது. மாடத்தில் எனக்கு முகம் தொங்கிவிட்டது, ஏதோ என் கதையைக் கெடுப்பதற்காகவே அவள் எழுந்து நின்ற மாதிரி.

முன்னதாக அமைச்சர் தம் பதிலுரையில், அந்த மெஷின்கள் துணை மதிப்பீட்டில் பரிசீலிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்.

(துணை மதிப்பீடு: பட்ஜெட்டில் விட்டுப்போனதைச் சேர்க்க நடுவருடத்தில் வருவது. பரிசீலிக்கப்படும்: யார் பரிசீலிப்பார், எப்போது என்று கேட்க இந்த வினைச்சொல்லில் இடமே வைக்கவில்லை. டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டி.)

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், ஏன் அக்கா என்று.

"கவுத்திருந்தா எனக்குக் கைதட்டல் கிடைச்சிருக்கும். அடுத்த ஆட்சி வர்றவரைக்கும் ஆஸ்பத்திரில மருந்து வாங்கக் கையெழுத்துப் போட ஆள் இருந்திருக்காது."

கொஞ்ச தூரம் போனபிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இல்லேன்னா, பதவி போயிடும்னுதான் எழுந்து நின்னேனோ என்னவோ. எனக்கே தெரியலடா."

கதாநாயகிக்கே தெரியாததைக் கதாசிரியன் எப்படி எழுதுவான்? அப்படியே விட்டிருக்கிறேன்.

5

அத்தான் அக்காவிடம் பேசவில்லை. ஓட்டு காரணமில்லை. டயாலிசிஸ் வார்டு டிவியில் அவை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கையில் ஊசியோடு படுத்திருந்தவரை எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அரசியல்காரர்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும் என்றாலும், சொந்த அண்ணனிடம்கூட வெறும் சர்க்கரை என்று சொல்லி வைத்திருந்த மனிதர். இப்போது பழைய டயர்க் கடை வாடிக்கையாளர்கள்வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என்னைக் கேக்காமச் சொல்லிட்டா என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். அத்தானிடம் மன்னிப்புக் கேள் என்று அக்காவிடம் நான் தூது போனேன். அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். என் பங்கு தேவைப்படாத இன்னொரு காட்சி.

சில நாள் கழித்து அவரே அவளைக் கூப்பிட்டார். "என் கோபம் எங்கேயும் போயிடாது. நீ முதல்ல போய் அந்தம்மாவைப் பாரு."

நானும் கூடப் போனேன். தெருவைப் பார்த்த சின்ன அறை. தையல்காரம்மா ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா பேசியது அவர் காதுக்கு வந்திருந்தது.

"நல்லாப் பேசினீங்களாமே. ஓட்டு யாருக்குப் போட்டீங்க?"

"எதிர்த்துத்தாம்மா போட்டேன்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப பேச்சை மட்டும் வெச்சுக்கறேன்," என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். வேன் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், தயவுசெய்து சிகிச்சைக்கு வர வேண்டும் என்றும் கேட்டாள். செலவு மட்டுமில்லை என்றார் அவர். போய் வந்தால் மறுநாளும் கை நடுங்குகிறது, தையல் கோணுகிறது, கோணினால் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் எழுந்து கிளம்புகிற நேரத்தில்தான் சொன்னார்: "வர்றேன். ஒவ்வொரு தடவையும் வருவேன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்."

அப்படியே செய்கிறார். ஒருநாள் வருகிறார், ஒருநாள் வருவதில்லை.

6

துணை மதிப்பீடு அடுத்த வாரம் அவைக்கு வருகிறது. அதில் மெஷின் இருக்கிறதா என்று அக்காவுக்குத் தெரியாது, கொறடாவுக்கும் தெரியாதாம். இந்தத் தடவை அவள் அமைச்சர் அறை வாசலில் தினமும் போய் நிற்கிறாள். புருஷனுக்காக என்று சொல்லத்தான் சொல்கிறார்கள். வாசகர்களைக் காக்கவைப்பது மரியாதையில்லை என்பதால், மூன்று முடிவுகளைத் தயாராக எழுதி வைத்தேன்.

ஒன்று: மெஷின் வருகிறது. கட்டில்கள் வெளியேறுகின்றன. முதல் நாற்காலியில் தையல்காரம்மா.

இரண்டு: வரவில்லை. அக்கா பதவியை உதறிவிட்டு நடுரோட்டில் உட்காருகிறாள்.

மூன்று: வருகிறது, ஆனால் இயக்கத் தெரிந்த ஆளைப் போட மறந்துவிடுகிறார்கள். (இது நடக்க வாய்ப்பு அதிகம். சிரிப்பும் வரும்.)

நேற்று சாயங்காலம் அத்தான் அவற்றை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதுல நான் எதுல உயிரோட இருக்கேன்?"

"எல்லாத்துலயும், அத்தான்."

"அந்தம்மா?"

இரண்டாவது முடிவுக்கு அவர் சாவு தேவைப்பட்டிருந்தது. அக்கா பதவியை உதற வலுவான ஒரு காரணம் வேண்டாமா? தையல் மெஷின் பாதித் துணியோடு நின்றுபோவதாக ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதிய அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அத்தான் அந்த இடத்தைத் தேடி எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார்.

தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். முடிவுகளில் ஒன்றும் மிச்சமில்லை, மூன்றையும் கிழித்தாயிற்று.

இப்போது விடிந்துகொண்டிருக்கிறது. வேன் வந்து அத்தானை ஏற்றிக்கொண்டது. தையல்காரம்மா தெரு வழியாகப் போகச் சொல்லி டிரைவரிடம் அவர் சொல்வது மாடிவரை கேட்டது. அங்கே போய்விட்டுத் திரும்பவும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பெரிய ரோட்டுக்குப் போக வேண்டும். ஜன்னலில் நின்றால் அந்தம்மா உட்காரும் நடு சீட்டு நன்றாகத் தெரியும்.

வேன் திரும்பி வருகிற சத்தம் கேட்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்.