ஹெரால்டுக்குள் நின்ற தண்ணீர்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் ரோசலின் கார் ஓட்டக் கற்றாள். லைசென்ஸ் வந்ததும் அவளுக்கு ஒரே ஆசை. வீட்டில் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தானே ஓட்டிப் போய், கொள்ளேகாலில் அக்கா ரெபேக்கா வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும்.

"நீ ஓட்டி வந்தா தெருவையே காலி பண்ணி வைக்கிறேன்டி" என்று அக்கா போனில் சிரித்தாள்.

ஆனால் பாருங்கள், மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் உதயகுமார் வண்டிக்கடியில் படுத்து, சேசிஸைச் சுத்தியலால் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வண்டியைத் தாங்கும் அந்த இரும்புச் சட்டத்துக்கு உள்ளே துரு. ரொம்ப அரித்திருந்தால் பழைய இரும்புக் கடைதான் கதி.

"அக்கா, தண்ணி வடியற ஓட்டையெல்லாம் எங்க?" என்று ரோசலினைக் கேட்டான்.

ரோசலின் கணவரைப் பார்த்தாள். வால்டர் தொண்டையைக் கனைத்தார். தசரா வந்தால் ஆயுத பூஜைக்குத் தெருவே வண்டி கழுவும். அவரும் சளைக்காமல் ஹெரால்டைக் குளிப்பாட்டுவார்.

"கீழே ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. தண்ணி உள்ள போயிடுமேன்னு நான்தான் புட்டிப் பசை வெச்சு அடைச்சேன்."

"நல்லா இருக்குங்க. யூரின் டியூபை அடைச்சு வெச்சுட்டு டிரிப்ஸ் ஏத்தின மாதிரி" என்றாள் ரோசலின்.

உதயகுமார் புட்டியைக் குத்தி எடுத்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பிறகு ஒயரின் ஒரு முனையில் பட்டாணி அளவு கேமரா மாட்டி, மறுமுனையைத் தன் போனில் செருகினான். அதை உள்ளே விட அவன் படும் பாட்டைப் பார்த்த ரோசலினுக்குப் பொறுக்கவில்லை.

"கொடு தம்பி. ஆயுசு பூரா நான் டியூப் விட்டவ."

மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி விட்டாள். மூன்று தலைகளும் போன்மேல் கவிழ்ந்தன. செதில் செதிலாகத் துரு. உதயகுமார் சந்தேகப்பட்ட இடங்களை வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். ஒரு மூலையில் மட்டும் பொத்தென்று உள்ளே இறங்கியது. மற்ற இடமெல்லாம் கல் மாதிரி நின்றது.

"பொழச்சுது அக்கா. அந்த மூலையை வெட்டிட்டுப் புதுத் தகடு வெல்டிங் வெச்சிடலாம்."



தகடு வெல்டிங் ஆனதும் உள்ளே கழுவி, காற்றடித்து நன்றாகக் காயவைத்தார்கள். துருவைக் கட்டிப்போடும் அமிலம் விட்டார்கள். அது உலர்ந்ததும் நீளக் குழாயால், ஈரம் ஒட்டவிடாத மெழுகெண்ணெய் பீய்ச்சியவள் ரோசலின்தான். வடிகால் ஓட்டைகள் திறந்தபடியே இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வால்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நரசீபுரம் தாண்டி, பின்னால் ஹாரன் அடித்த பஸ்களையெல்லாம் பெருந்தன்மையாக முன்னே விட்டு, கொள்ளேகால் போய்ச் சேர்ந்தாள்.

ரெபேக்கா வாசலுக்கு வந்தாள்.   நேராகக் காரிடம் போய், வால்டர் பக்கத்து முன்கதவைத் திறந்தாள்.

"வால்டர், நீங்க பின்னால போங்க. ஏய் ரோசி, சர்ச் வரைக்கும் விடுடி. மெதுவாப் போ, எல்லாரும் பாக்கணும்."