வாயால் சொன்னது செல்லாது

…அதிலும் வெற்றிச்செல்வன் எழுதிய இந்த நடத்தை நெறியில் கண்ணியம் என்கிற சொல்லைப் பத்திக்குப் பத்தி, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி, வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் தெளித்துவிட்டிருக்கிறான், மதிப்போம், அரவணைப்போம், செவிமடுப்போம், இந்த ஆள் எந்தக் காலத்தில் யாருக்குச் செவிமடுத்தான், போகட்டும், எழுத்திலாவது மடுக்கட்டும், ஆனால் கடைசியில் ஒரு வரி, ‘நெறி மீறல் குறித்த புகார்களை நிறுவனர் வெற்றிச்செல்வனிடம் அளிக்கலாம்’, அந்த ஒரு வரிக்காகத்தான் அமுதவல்லி உச்சி வெயிலில், முள்ளும் சரளையுமாகக் கிடக்கிற பாதையில், பாறைமேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் இதுவரை வந்திருக்கிற ஒரே புகார் வெற்றிச்செல்வன் மேல்தான். கொடுத்தவள் அவள். அதை வெற்றிச்செல்வனிடம் கொடுத்து, வெற்றிச்செல்வன் வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டு விசாரித்து, வெற்றிச்செல்வன் சொன்ன விளக்கம் வெற்றிச்செல்வனுக்கு முழுத் திருப்தியாக இருந்து… இரண்டு மணிக்குள் மறுப்பை இணையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நெறி நிறைவேறியதாகக் கணக்கு. மறுப்பு வந்தால் திருத்தாமல் நிறைவேறாது, வராவிட்டால் சம்மதம், இந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. இப்போதே ஒன்றரை தாண்டிவிட்டது, கைபேசியில் டவர் ஒரு கோடுகூட எழவில்லை.

கூட்டம் என்ன பெரிய கூட்டம், ‘எந்தப் பஸ்’ என்று ஒரு செயலி, சின்ன ஊர்களுக்குப் போகிற பஸ்களின் நேரத்தைச் சொல்லும், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சம்பளம் இல்லாத இடத்தில் பதவிக்கு மட்டும் பஞ்சம் இருக்காது, ஒருவர் தலைமைக் காப்பாளர், ஒருவர் சமூக இணைப்பாளர், வெற்றிச்செல்வன் நிறுவனர் மற்றும் தொலைநோக்காளர், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஜவ்வாது மலை பஸ்ஸைப் பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது… நடத்தை நெறியை ஏற்பதற்கென்றே புதூர்நாட்டில் இந்த விடுதியைப் பிடித்து, அதற்கு ‘அகநோக்கு முகாம்’ என்று பெயர் சூட்டி, திருப்பத்தூரில் பிளக்ஸ் அடித்து, அதில் எல்லோர் படத்தையும் சமமாகப் போட்டுத் தன் படத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் சமமாகப் போட்டு, கிளம்பி வந்தால், செயலி எட்டு மணிக்குக் காட்டிய பஸ் வரவே இல்லை. அது போன வருஷமே நின்றுபோன பஸ்ஸாம். ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்காரர் சின்னதம்பி, ‘செல்லுல பஸ் வருதுன்னு காட்டுதா? அப்ப செல்லுலயே ஏறி வர்றதுதான சார், என்னை எதுக்கு கூப்ட்டீங்க’ என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், வெற்றிச்செல்வனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அமுதவல்லி பக்கம் திரும்பினான், அந்தத் திரும்பல்…

பஸ் நேரப் பகுதி அவளுடையது. ஐந்து வருஷமாக ஆபீஸ் விட்டு வந்து அடுப்பையும் மடிக்கணினியையும் ஒன்றாகப் பற்றவைத்து எழுதியது. ஒடுகத்தூரில் பிறந்தவளுக்குத் தெரியும், மலைக்கு ஏறுகிற கடைசி பஸ் அன்றைக்கே இறங்காது, மேலேயே ஹால்ட் போட்டுவிட்டுக் காலையில்தான் வரும், இதைப் பெங்களூர் நிரலுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு, பஸ் எங்கே காணாமல் போனது என்று அது திரும்பத் திரும்பக் கேட்கும், தூங்குகிறது சாமி, தூங்குகிறது என்று இவள் வேறு வேறு விதமாக எழுதிக் காட்டுவாள். எழுதி முடித்துப் போட்ட அன்றுதான் அவன், நானூறு பேர் பார்க்கிற பொதுப் பக்கத்தில், ‘இதை எழுதியவர் கோலம் போடப் போகலாம், அதிலாவது புள்ளிக்கணக்கு உதைக்காது’ என்று எழுதினான். கீழே சிரிக்கிற முகங்கள், வரிசையாக, மஞ்சள் மஞ்சளாக. கணக்கு உதைத்ததா என்றால் அதுவும் இல்லை, இன்றைக்கும் அந்த நிரல்தான் ஓடுகிறது, உதைத்திருந்தாலாவது… இன்னாங்க இப்படி எழுதியிருக்கீங்க என்று தனியாகக் கேட்டதற்கு, ‘ஜாலியாதாங்க சொன்னேன், நீங்க இவ்ளோ சென்சிடிவ்னு தெரியாதுங்க’ என்றான், ஆக அதிலும் குறை அவளிடம்தான். அதற்கப்புறம் அவள் எதைப் போட்டாலும் யாராவது ஒருவன் வந்து கோலப்பொடி வேணுமா என்பான். புதிதாக வந்த பையன்களுக்கு அவள் பெயரே தெரியாது, கோலம் மேடம். இவள் புகார் எழுதினாள், அது ஆறு மாதம் கிணற்றில் கிடந்தது. பிறகு உதவித்தொகை தருவதாகச் சொன்ன ஏதோ அறக்கட்டளை ‘உங்களிடம் நடத்தை நெறி இருக்கிறதா’ என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டதும், மறுநாளே நெறி தயார், ‘அமுதவல்லியின் துணிச்சலான குரலுக்குச் செவிமடுத்து’… அந்தச் செவிமடுத்து மறுபடியும்.

விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, வீட்டில் அதைத்தான் சொல்கிறார்கள், சம்பளமா சாதமா, எதற்கு இந்த மானக்கேடு என்று. அந்த வரி அப்படியே நிலைத்துவிட்டால் போகத்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை, நேற்று ஜீப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். ஆனால் போனால் அந்த நிரலை யார் பார்ப்பார்கள், நின்றுபோன பஸ்களை யார் எடுப்பார்கள், ஆர்டர் செய்தால் பத்து நிமிடத்தில் ஆட்டோ வருகிற ஊர்க்காரனுக்கு ஒரு பஸ் தவறினால் என்ன ஆகும் என்று தெரியுமா, தான் பெற்றதைத் தானே தெருவில் விட்டுவிட்டு, நல்லபடியா இரு என்று சொல்லிவிட்டு… கால் வழுக்கியது, கையில் ஒரு காரைச்செடி அகப்பட்டது, முள் ஏறியது, அதுவும் சரிதான்.

காலையில் கூடத்தில் சொன்னாளே, வாயைத் திறந்து, எழுந்து நின்று, உங்க மேல வர்ற புகார் உங்ககிட்டயே வந்தா எப்படிங்க என்று. வெற்றிச்செல்வன் முகத்தில் ஒரு கோணல் இல்லை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான், ‘அருமையான பாயிண்ட்ங்க, மேடம். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அப்படியே இணையத்துல பதிஞ்சிடுங்க. வாயால சொன்னது செல்லாதே, நம்ம விதி. நீங்க எழுதின விதிதானேங்க?’ அவள் எழுதிய விதிதான். ஆளுக்கொரு போன் போட்டு, அவன் ஒப்புக்கொண்டான் இவன் ஒப்புக்கொண்டான் என்று வெற்றிச்செல்வன் முடிவெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இவனைக் கட்டிப்போடுவதற்கென்று எழுதியது, எந்தத் தீர்மானமும் மறுப்பும் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுத்தில் பதிந்தால்தான் செல்லும் என்று, கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு இப்போது அவன் நிற்கிறான், முடிச்சு இவள் காலில். ஆகவே எட்டுப் பேர் ஒரே கூடத்தில், முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி சொன்னதை எல்லோரும் காதால் கேட்டுவிட்டு, அது இன்னும் சொல்லப்படவில்லை என்று காத்திருந்தார்கள். டவர் இல்லாத மலைக்கு வந்து, டவர் இருந்தால்தான் செல்லுபடியாகும் வேலையைச் செய்வதற்கு இந்த உலகத்தில் இவர்களை விட்டால் ஆள் உண்டா. அந்த எட்டுப் பேரில் ராஜ்குமார் மட்டும் தண்ணீர் குடிக்கிற இடத்தில் வந்து, ‘அக்கா, நீங்க சொன்னதுதான் கரெக்ட்டு’ என்றான் காதோடு. அப்ப உள்ள சொல்றதுதானப்பா என்றதற்கு, ‘நான் இன்னாக்கா பேசறது நடுவுல, உங்களுக்கே தெரியும்’ என்றான், பிறகு, மேல பாறைகிட்ட டவர் கெடைக்குமாம், பாத்துப் போய்ட்டு வாங்க. நல்ல பையன். எல்லோருமே நல்ல பையன்கள்.

பாறையில் ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள், செல்லி என்று பிறகு சொன்னாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, தன் கொழுந்தனை வைதுகொண்டிருந்தாள், ‘எம் மரத்துப் பலாக்காய நீ எப்டிடா அறுப்ப? ஒங்கப்பன் நட்டானா? வெக்கமா இல்ல ஒனக்கு? தூ… அலோ… அலோ… டவர் பூட்ச்சி’ என்று திரும்பி, ‘நீ இன்னாம்மா, வூட்டுக்காரருக்குப் பேசணுமா? இந்தக் கல்லு மேல ஏறி நில்லு, வரும் போவும்’ என்றாள். இல்லங்க, கீழ இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். கீழன்னா? அதோ, அந்தக் கட்டடத்துல. செல்லி விடுதியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். ‘அங்கேர்ந்துதான வர்ற?’ ஆமாங்க. ‘சண்டையா?’ சண்டை இல்லீங்க, மறுப்பு… ‘சண்டைன்னு சொல்லு.’ இருந்தாலும் எவ்வளவு சுகமாக இருந்தது இந்தத் தூ, எந்தப் பத்தியிலும் அடங்காத தூ, அவன் நெஞ்சில் கையை வைத்தானே அப்போது ஒரு தூ… ஆனால் அவளுக்கு வராது, அவளுக்கு வருவதெல்லாம் விதி எண், உட்பிரிவு. கல் மேல் ஏறினாள். ஒரு கோடு, மறைந்தது, ஒரு கோடு, இரண்டு. எழுதிவைத்திருந்தது ஒரே வாக்கியம்தான், ‘நிறுவனர் மீதான புகாரை நிறுவனரே விசாரிப்பதை மறுக்கிறேன், நிறுவனர் இல்லாத மூவரிடம் புகார் போக வேண்டும்’, அழுத்தினாள், வட்டம் சுற்றியது, சுற்றியது, ஒன்று ஐம்பத்து மூன்று, சுற்றியது… போய்விட்டது. போயே போய்விட்டது. சிரிப்புகூட வந்தது, செல்லியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கல்லை விட்டு இறங்குவதற்குள் கை அதிர்ந்தது. வெற்றிச்செல்வனின் பதில், மூன்று பத்தி, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து, ‘அமுதவல்லி அவர்களின் மறுப்பை முழு மனதுடன் மதிக்கிறோம். ஒரே ஒரு மறுப்பு இருந்தாலும் ஆவணம் நிறைவேறாது என்பது நம் வழக்கம். ஆகவே நடத்தை நெறி காலவரையறையின்றி நிறுத்திவைக்கப்படுகிறது. பெண் உறுப்பினர் ஒருவரே எதிர்ப்பதால் அவகாசம் தேவை என்று அறக்கட்டளைக்கும் தெரிவித்துவிட்டேன்.’ தெரிவித்துவிட்டானா, எப்போது, ஒரு நிமிடத்தில் மூன்று பத்தியை எந்த விரலால் அடித்தான், எதைக் கொண்டு அனுப்பினான், கீழே டவர் இல்லையே… கைதட்டுகிற கைகள் வந்து விழ ஆரம்பித்தன, ஒன்று, இரண்டு, எல்லாம் கூடத்தில் இருக்கிற பெயர்கள், அப்படியென்றால் கீழே நெட் இருக்கிறது, மேனேஜர் அறையில் வைஃபை ஏதாவது, எல்லோர் கையிலும் இருந்திருக்கிறது, அவள் குனிந்து செருப்பு மாட்டியதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், ராஜ்குமாரிடமிருந்து ஒரு சிவப்பு இதயம், இது எதற்கு, மறுப்புக்கா, பதிலுக்கா… ‘இன்னாம்மா, இன்னா சொல்றான்?’ என்றாள் செல்லி. நன்றி சொல்றாருங்க. ‘அப்புறம் ஏன் மூஞ்சி இப்டிப் பூட்ச்சி?’ இனி நெறி என்று ஒன்று கிடையாது, நாளைக்கு அவன் யாரைக் கோலம் போடச் சொன்னாலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடையாது, ஏன் கிடையாது என்று கேட்டால் பதிவைத் திறந்து காட்டுவார்கள், அமுதவல்லி மறுத்தாள், நேரத்தோடு இருக்கிறது. திரும்பப் பெறலாம், இன்னும் ஐந்தாறு நிமிடம் இருக்கிறது, பெற்றால் அந்த வரியோடு நிறைவேறும், அவனிடமே போய் அவனைப் பற்றி… கட்டைவிரல் அந்த வாக்கியத்தின் மேல் நின்றது, கண்ணாடியில் வியர்வை பட்டு எழுத்து கலங்கியது, அப்போதுதான், இவ்வளவு தூரம் ஏறி வந்த பிறகு, இப்போதுதான் தோன்றுகிறது, தன் மேல் வருகிற புகாரைத் தன்னிடமே கொடு என்று விவரம் கெட்டவன்கூட எழுத்தில் வைக்கமாட்டானே, இவன் விவரம் கெட்டவன் இல்லையே, அப்படியானால் அந்த வரியை இவன் யார் கண்ணில் பட்டு, யார் மறுப்பதற்காக எழுதினான்…