அண்ணன் கழுத்து விசில்

நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் என் அண்ணன் துணி வெட்டும் பிரிவின் சூப்பர்வைசர். கழுத்தில் ஒரு விசில் ஏறியதும் விளையாட்டு ஞானமெல்லாம் தலையில் ஏறிவிட்டதாக நினைப்பு அவனுக்கு.

"ஓடறதுக்கு முன்னாடி நரம்பெல்லாம் நல்லா இழுபடணும். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பான். கம்பெனி விளையாட்டு விழாவில் பேக்கிங் பிரிவோடு எங்கள் பிரிவுக்குத் தொடர் ஓட்டப் போட்டி. அதற்காக நாங்கள் தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலைப் பிடித்தபடி, அவன் விசிலடிக்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும். எழுந்தால் கால் இரண்டும் ஊறவைத்த துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும்.

அண்ணி மட்டும் உட்காரவில்லை. போன வருஷம் புருஷன் பேச்சைக் கேட்டு இழுத்தவள், பாதி ஓட்டத்தில் தொடை பிடித்து நொண்டிக்கொண்டு திரும்பினாள். ஒரே ஒருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து அவளுக்கு ஆசை.

"ஏங்க, ஓடப்போற காலை ஓட்டித்தானே சூடு பண்ணணும்? தூங்கப்போற மாதிரி இழுத்துட்டுக் கிடந்தா எப்படி?"

"இழுக்காதவங்களுக்கு டீம்ல இடமில்ல."

தண்ணீர் கேன் தூக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ கேனோடு மைதானத்தைச் சுற்றி மெல்ல ஓடினாள். கேனை வைத்துவிட்டு முட்டியைத் தூக்கித் தூக்கிக் குதித்தாள். குட்டிக் குட்டியாகப் பாய்ந்து பார்த்தாள். பேக்கிங்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியாக ஓடவேண்டியவன் அண்ணன். போட்டிக்குக் கூப்பிடும் நேரத்தில், "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு காலைத் தடுப்புக் கம்பிமேல் போட்டு, நெற்றி முட்டியில் படக் குனிந்தான். "அம்மா" என்றான். கால் கம்பியிலேயே நின்றுவிட்டது. நானும் அண்ணியும் அவனை மூட்டைபோல இறக்கிப் புல்லில் கிடத்தினோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் ஓடறேங்க" என்றாள் அண்ணி.

"நீ இழுக்கவே இல்லையே" என்று முனகினான்.

"நீங்க இழுத்தது நம்ம ரெண்டு பேருக்கும் போதும்."

மூன்றாவதாக ஓடிய நான் அவள் கையில் குச்சியைக் கொடுத்தபோது நாங்கள் பின்தங்கியிருந்தோம். பிறகு அவள் பறந்த பறப்பில், சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டன. எல்லைக்கோட்டை முதலில் தாண்டியவள் எங்கள் அண்ணிதான். தலைகால் புரியாமல் கத்தினேன்.

அவள் மூச்சிரைக்க நேரே அண்ணனிடம் வந்து, அவன் கழுத்து விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"காலை நீட்டி அப்படியே கிடங்க. நான் விசிலடிச்சதும் எழுந்திருக்கலாம்."

பரிசளிப்பு முடியும்வரை அவள் அடிக்கவே இல்லை.