ஆறு பத்துக்குப் போட்ட கையெழுத்து

மணி ஆறு இரண்டு. ஆனால் பதிவேட்டில் "தண்ணீரில் குளோரின் இல்லை, 6.10" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. சத்யபிரியா கடிகாரத்தை மறுபடி பார்த்தாள்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்த டயாலிசிஸ் சென்டருக்கு அவள் மேனேஜராக வந்து இரண்டு மாதம். வந்த புதிதில் காலை ஷிப்ட் தினமும் அரை மணி தாமதமாகத் தொடங்கும். ஆறரைக்கு மெஷின் ஓடவில்லையென்றால் காரணமானவர் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று விதி போட்டாள். ஒரே வாரத்தில் தாமதம் நின்றது. சென்டர் முதலாளி டாக்டர் மோகன்ராஜ் அதை மற்ற கிளைகளிலும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

டெக்னீஷியன் உமேஷைக் கூப்பிட்டாள். "இந்த டெஸ்ட் எப்ப பண்ணீங்க?"

அவன் பதிவேட்டை மூடப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"பண்ணல மேடம். டெஸ்ட் பண்ற ஸ்டிரிப் தீர்ந்து மூணு நாளாச்சு."

ஒரு வாரமாக மெஷின்களுக்கு லாரித் தண்ணீர்தான். அதில் குளோரினை எவ்வளவு கொட்டுகிறார்களோ தெரியாது. வடிகட்டி அதை நிறுத்தாவிட்டால் நோயாளியின் ரத்த அணுக்கள் உடைந்துபோகும்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது.

பதில் நர்ஸ் அருள்மேரியிடமிருந்து வந்தது. "போன வாரம் டியூப் பத்தலன்னு நான் சொன்னேன். பேஷன்ட்ஸ் முன்னாடி பத்து நிமிஷம் நிக்க வெச்சீங்க. அதுக்கப்புறம் யாரு மேடம் சொல்லுவா?"

அருள்மேரியின் கையில் ஊசி இருந்தது. பம்மல் தையல்காரர் வேதசிரோமணி கையை நீட்டியபடி படுத்திருந்தார்.

உமேஷை நோக்கிக் கத்தத்தான் சத்யபிரியா வாயெடுத்தாள். அருள்மேரி சொன்னது உறைக்க, அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஊசிய கீழ வைங்க மேரி. யாருக்கும் ஆரம்பிக்காதீங்க."

சேலையூரில் இன்னொரு சென்டரில் ஸ்டிரிப் கிடைத்தது. வாங்கிவர உமேஷையே பைக்கில் அனுப்பினாள். மோகன்ராஜுக்கு போன் போட்டாள்.

"மூணு நாள்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?" என்றார் அவர். "இன்னிக்கு ஓட்டுங்க, மதியம் டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"ஆகலன்னு எனக்குத் தெரியாது சார். தெரியற வரைக்கும் ஓட்ட மாட்டேன்."

"அப்ப பொறுப்பு உங்களோடது."

"ஆமா சார்."

எட்டு பேர் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் இரண்டு நாள் நீர் உடம்பில் தேங்கியிருந்தது. வேதசிரோமணிக்கு மூச்சு இரைத்தது. மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் நடுவில் வந்து நின்றாள்.

"மூணு நாளா தண்ணிய டெஸ்ட் பண்ணாமலே உங்களுக்கு டயாலிசிஸ் பண்ணியிருக்கோம். தப்பு எங்களோடது. இப்ப டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்போம்."

வேதசிரோமணியின் மனைவி தபீதாள் எழுந்துவிட்டாள். "இன்னாம்மா சொல்ற? முந்தாநாளு இங்கேர்ந்து வந்த மனுசன் பாயை வுட்டு எழுந்துக்கல! நோவுதான் முத்திப்போச்சுன்னு அழுதுகினு கீறேன் நானு!"

சத்யபிரியா அருள்மேரியைப் பார்த்தாள். "எல்லாருக்கும் ரத்தம் எடுங்க. அவருக்கு முதல்ல ஆக்ஸிஜன்."

உமேஷ் இருபத்தைந்து நிமிடத்தில் வந்தான். ஸ்டிரிப்பைத் தண்ணீரில் நனைத்தான். நிறம் மாறியது. அவன் முகம் வெளுத்துப்போனது. "இருக்கு மேடம்," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

எட்டு மணிக்குள் மூன்று சென்டர்களில் இடம் கேட்டு வாங்கி, ஆம்புலன்ஸிலும் ஆட்டோவிலும் எல்லாரையும் அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனையில் ஏழு பேருக்குப் பெரிய மாற்றமில்லை. ஒன்பதில் இருந்த வேதசிரோமணியின் ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியிருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள்.

மாலையில் மோகன்ராஜ் வந்து உமேஷை வேலையைவிட்டு நிறுத்தச் சொன்னார். பொய்க் கையெழுத்துக்கு அவனுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை போதும், நிறுத்த முடியாது என்றாள் சத்யபிரியா. "அவன பொய் சொல்ல வெச்சது நான் போட்ட விதி சார். அதையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்." அவர் அதை வாசித்துவிட்டு எடுத்துப்போனார். தன் வேலை இருக்குமா என்று அவளுக்கு அன்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தபீதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வேதசிரோமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசியா உங்க மெஷின்ல இருக்கசொல்லவே தலை விண்ணுவிண்ணுனு தெறிச்சுதும்மா. உன்னாண்ட சொல்லலாம்னு பார்த்தேன். நீ வாச்சைப் பார்த்துகினே போனே. பேஜார் பண்ண வேணாம்னு வுட்டுட்டேன்."

சத்யபிரியா கட்டிலருகே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"வேற என்னெல்லாம் சொல்லாம விட்டீங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.