வெயிலாரின் புதுச் சட்டை

சூரியனில் எத்தனை புள்ளி, பூமியின் காந்தப்புலம் அமைதியா ஆட்டமா என்று தினமும் பார்த்து அறிக்கை எழுதுபவரை அலுவலகமே வெயிலார் என்றுதான் கூப்பிடும். மனிதர் குடையில்லாமல் வாசல் தாண்டமாட்டார் என்பது வேறு விஷயம்.

மூட்டுவலியால் அவர் விரல்கள் மடங்க மறுத்து வெகுநாளாயிற்று. தினமும் மனைவிதான் பொத்தான் போட்டுவிடுவாள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். அன்றோ, அவள் எடுத்து வைத்த புதுச் சட்டை தொட்டவுடனே மூடிக்கொண்டது. விரல் தேறிவிட்டதென்று பீற்றிக்கொண்டே கிளம்பினார். அவள் சிரித்துக்கொண்டே குடையை எடுத்து நீட்டினாள்.

அலுவலகத் தோட்டத்துக் கோடியில், பூமியின் காந்தத்தை அளக்கும் காந்தமானி இருக்கும் குடிசை. அருகே இரும்பு வந்தாலே கருவி ஆடும் என்பதால், வழக்கம்போலச் சாவி, கடிகாரம், பெல்ட்டையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கருவியைத் துடைத்துவிட்டு வந்தார். திரையில் கோடு துள்ளிக் குதித்திருந்தது. காந்தப் புயலேதான். ஆனால் புயலைக் கிளப்பும் சூரியனின் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, வழுக்கைத் தலை மாதிரி.

எச்சரிக்கை அனுப்பினால் மின்வாரியம் பதறும், விமானங்கள் பாதை மாறும். பொய்யென்றால் இத்தனை வருட மானம் கப்பலேறும். அனுப்பாமல் விட்டு, உண்மையாகிவிட்டால்? எதற்கும் இன்னொரு முறை குடிசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திரையைக் கவனித்துக்கொண்டிருந்த உடன் வேலை பார்க்கும் பெண் நிதானமாகச் சொன்னாள்: "அண்ணே, நீங்க உள்ள போனா பூமி ஆடுது. வெளிய வந்தா அடங்குது. கொஞ்சம் எடையக் குறைங்க."

அவர் கடுப்போடு மேஜைமேல் சாய்ந்தார். அங்கே கிடந்த குண்டூசி ஒன்று தாவி அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. இருவரும் அதையே பார்த்தார்கள். சட்டையில் ஒரு தையலைப் பிரித்து, மற்றதைத் தொட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் துணிக்குள் துவரம்பருப்பளவு காந்தம். வெளியே தெரியாமல், பொடித் தையலில்.

விரல் தேறவில்லை. அது மனைவியின் தையல் என்று பார்த்ததுமே தெரிந்தது; மடங்காத விரலால் அதைத் தடவிக்கொடுத்தார்.

சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு குடிசைக்குப் போய் வந்தார். கோடு அசையவில்லை. 'சூரியன் அமைதி, பூமி அமைதி' என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"தெரிஞ்சுபோச்சா? கோவமா?" என்றாள் மனைவி.

"பூமியையே ஆட்டிட்ட, உன்மேல கோவப்பட முடியுமா? நாளைக்குப் பழைய சட்டையே எடுத்து வை. நீயே பொத்தான் போட்டுவிடு."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்களே?"

"உனக்கு எட்டுற மாதிரி குனிஞ்சே நிக்கறேன்."

மாலையில் வீடு திரும்ப மாட்டியதும் புதுச் சட்டை தானாகவே மூடிக்கொண்டது. நெஞ்சிலிருந்த குண்டூசியை அவர் எடுக்கவில்லை.